மேல இருக்கறவன் கழிவு, கீழ இருக்கறவன் நஷ்டம்

ஆசிரியருக்கு வணக்கமுங்க. நொய்யல் தண்ணி பத்தி ரொம்ப நாளா எழுதோணும்னு இருந்தேன். வெள்ளியங்கிரி மலையில பொறந்து கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு தாண்டி கரூர் மாவட்டத்துல காவேரில சேர்ற ஆறுங்க இது, பனியன்ல வர்ற காசு ஒரு ஊருக்கு, சாயத்தண்ணி இன்னொரு ஊருக்குன்னா அது என்னங்க நியாயம்?

1992ல கட்டுன ஒரத்துப்பாளையம் டேம் பாசனத்துக்குன்னுதான் கட்டுனாங்க, அதுவும் பெரும்பாலும் கரூர் பக்கத்து நெலத்துக்கு. கடைசில சாயக்கழிவு தேங்கற குட்டையாப் போச்சு, தண்ணியத் தொறக்காதீங்கன்னு விவசாயிகளே சொல்ற நெலமை (டேமுக்கு இப்படி ஒரு கெட்ட பேரு வேற எங்கியும் கேட்டதில்லைங்க). எங்க தோட்டத்துக் கெணத்துல மாடு மூஞ்சிய வச்சுட்டு குடிக்காம திரும்பிருச்சு, எளநி கூட உப்புக் கரிச்சுது.

மாசு பண்றவங்கதான் காசு கட்டோணும்னு கோர்ட்டே சொல்லி நஷ்டஈடும் கணக்குப் போட்டாங்க, சரிங்க, 2011 ஜனவரில ஐகோர்ட் சாயப்பட்டறைகளையே மூடச் சொல்லுச்சு. ஆனா நஷ்டஈடுன்னா ஒருக்கா ஏக்கருக்கு இவ்வளவுன்னு குடுத்துட்டு கைய கழுவறதுங்களா? மண்ணுல எறங்குன உப்பு ஒரு மழைக்கா போயிரும், வருசா வருசம் வெள்ளாமை கொறையுதே அதுக்கு யாரு பொறுப்பு.

பட்டறைய மூடோணும்னு நாஞ்சொல்லலீங்க, எங்கூட்டுப் பையனும் அங்கதான் வேலைக்குப் போறான். ஏற்றுமதில ஒரு பங்கு எடுத்து கீழ் மாவட்டத்துக்குன்னு தனியா நிதி வைக்கட்டும், கெணத்துத் தண்ணிய வருசம் ரெண்டு தடவை டெஸ்ட் பண்ணி டிடிஎஸ் (தண்ணில கரைஞ்சிருக்கற உப்போட அளவுங்க) எவ்வளவுன்னு பஞ்சாயத்து ஆபீஸ்ல ஒட்டட்டும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி, சென்னிமலை பக்கம்