தமிழ் மேல் பழி போடாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற வார மாணவர் பக்கத்தில் ஆங்கிலக் கூட்டுப் பெயரடைகள், அதாவது பல சொற்கள் சேர்ந்து ஒரு பெயர்ச்சொல்லை விவரிப்பவை பற்றிய கட்டுரையைப் படித்தேன். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கு இது கடினம் என்று அதில் ஒரு வரி. மனம் ஆறவே இல்லை.

பிள்ளைகள் 'ஃபைவ்-இயர்ஸ்-ஓல்ட் பாய்' என்று எழுதினால் அதற்குத் தமிழா காரணம்? ஐந்து வயதுப் பையன் என்றுதானே நாம் சொல்கிறோம், ஐந்து வயதுகள் பையன் என்றா சொல்கிறோம்? பத்து வெள்ளி நோட்டு, நாலறை வீடு எல்லாம் அப்படித்தான். ஆங்கிலத்திலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வந்தால் 'ஃபைவ்-இயர்-ஓல்ட் பாய்', 'டென்-டாலர் நோட்', 'ஃபோர்-ரூம் ஃபிளாட்'. ஒருமை, சொற்களுக்கு நடுவில் ஹைஃபன் என்னும் சிறு கோடு. 'ஹி இஸ் ஃபைவ் இயர்ஸ் ஓல்ட்' என்னும்போது பன்மை வரும், ஹைஃபன் போய்விடும். தொடக்கநிலை ஆறில் படிக்கும் என் பேத்திக்கு இதைத் தமிழில்தான் விளக்கினேன். உடனே பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் பல ஆண்டுகள் துணைப்பாடம் சொல்லிக் கொடுத்தவள் நான். பிள்ளைகள் உண்மையில் தடுமாறுவது வேறு இடத்தில். ஹைஃபனைப் படித்ததும் எல்லா இடத்திலும் போட்டுவிடுவார்கள். 'ஹைலி ஸ்கில்ட் வொர்க்கர்' என்பதில் அது தேவையில்லை. 'லி' என்று முடியும் வினையடை அடுத்த சொல்லைத்தான் தழுவும், குழப்பத்துக்கே இடமில்லை. உங்கள் கட்டுரை இதைப் பற்றி மூச்சு விடவில்லை. போதாததற்கு, அதன் பயிற்சிக் கட்டத்தில் 'நியூலி-பில்ட் ஃபிளாட்' என்று ஹைஃபனோடு அச்சாகியிருக்கிறது.

என் மகன் பாலர் பள்ளியில் படித்தபோதும் ஓர் ஆசிரியை, வீட்டில் ஆங்கிலமே பேசுங்கள் என்றார். நாங்கள் கேட்கவில்லை. அக்கம்பக்கத்தில் கேட்டவர்கள் உண்டு. அந்த வீடுகளில் இன்று பாட்டியும் பேரனும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. வீட்டில் அதிகமாகத் தமிழ் பேசுவோர் சிங்கப்பூரின் 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2.5 விழுக்காடுதான். தமிழ் ஏடு நடத்தும் உங்களுக்குத் தெரியாததா? அந்த 2.5 விழுக்காட்டினரையும் பயமுறுத்தும் வரி உங்கள் பக்கத்திலேயே வரலாமா?

சரி, இப்போது கேட்பது இவ்வளவுதான். 'நியூலி பில்ட்' நடுவில் உள்ள ஹைஃபனை நீக்கி அடுத்த வாரமே திருத்தம் போடுங்கள். தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான பிஎஸ்எல்இ எழுதப்போகும் பிள்ளைகள் அந்தப் பக்கத்தை வெட்டி வைத்திருப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகி, அங் மோ கியோ, சிங்கப்பூர்