அமாவாசைக்குக் கடல் வேண்டாம், தம்பி

தம்பி,

படங்கள் வந்து சேர்ந்தன. கூட ஒரு வரி எழுதக் கை வரவில்லை போலிருக்கிறது. பரவாயில்லை, கோப்பைத் திறந்தாலே நேரம், லென்ஸ், ஷட்டர், ஐஎஸ்ஓ எல்லாம் வந்துவிடுகிறதே. அதிகாலை 2:40. 24 மி.மீ., எஃப்/2.8, 20 விநாடி, 3200.

விருச்சிகத்தின் வால் பாறைமேல் இறங்குகிற இடம் பார்த்து நின்றிருக்கிறாய். மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் பால்வழி தடித்திருப்பதும் அப்படியே விழுந்திருக்கிறது. அந்தக் கண் எல்லாருக்கும் வராது. அப்பா பெரிதாக அச்சுப் போட வேண்டும் என்கிறார். போடலாம்தான். ஆனால் பெரிதாக்கினால் நட்சத்திரமெல்லாம் அரிசிமணி மாதிரி நீண்டிருக்கிறது. நட்சத்திரம் நீளாமல் எத்தனை விநாடி எடுக்கலாம் என்பதற்கு 500-ஐ லென்ஸ் நீளத்தால் வகுக்கிற கணக்கு ஃபிலிம் காலத்தோடு போயிற்று. உன் கேமராவின் மெகாபிக்சலுக்கு 300-ஐ வகு. 24-க்கு 12 விநாடி வரும். வெளிச்சம் போதவில்லையே என்று ஐஎஸ்ஓவை ஏற்றிக்கொண்டே போகாதே. அதே ஃப்ரேமில் 16 படம் எடுத்து, பிறகு கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கு. படத்தில் பொடிப்புள்ளியாகத் தெரிகிற இரைச்சல் நாலில் ஒரு பங்காகக் குறையும். பாறைக்குத் தனியாக ஐஎஸ்ஓவைக் குறைத்து 2 நிமிடம் ஒரு படம் எடுத்துவை. வானத்தை நேராக்கி அடுக்கும்போது தரை கலங்கும், அப்போது அது உதவும்.

கேட்டை நட்சத்திரத்தைச் சுற்றி ஒரு ஒளிவட்டம் தெரிகிறதே, அதை மேகம் என்று நினைத்துவிடாதே. லென்ஸில் பனி படிந்திருக்கிறது. வரிசையாகப் பார்த்தால் படத்துக்குப் படம் வட்டம் பெரிதாகிறது. உப்புத்துளியாக இருந்தால் அங்கங்கே புள்ளியாக இருக்கும், அப்படி வளராது. லென்ஸைச் சுற்றிக் கட்டுகிற சூட்டுப்பட்டையைப் பவர் பேங்கில் மாட்டி, முதல் படத்துக்கு முன்பே போட்டுவிடு. படிந்த பிறகு போட்டால் காய நேரமாகும். அதற்குள் துடைத்தால் ஃபோகஸ் வளையம் நகரும், மறுபடி பிரகாசமான நட்சத்திரம் ஒன்றைத் திரையில் 10 மடங்கு பெரிதாக்கித் திருப்பிக்கொண்டிருக்க வேண்டும். உப்புத்துளியை உலர்ந்த துணியால் தேய்க்காதே. முதலில் ஊது, பிறகு நல்ல தண்ணீரில் லேசாக நனைத்த துணியால் ஒற்றியெடு. காய்ந்த உப்பு மேல்பூச்சைக் கீறும்.

இதெல்லாம் இருக்கட்டும். முன்னால் இருக்கிற பாறை கறுப்பாக மினுங்குகிறது. டிரைபாட் அதன்மேல்தான் நின்றிருக்கிறது. ஈரமாக இருக்கிற பாறைக்கு அலை வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். வந்தது மறுபடி வரும்.

நிலா இல்லாத ராத்திரி வேண்டும் என்று அமாவாசையைப் பார்த்துக் கிளம்புகிறாய். கடல் அதிகமாக ஏறி அதிகமாக இறங்குவதும் அதே நாள்களில்தான். அமாவாசை கழிந்து ஓரிரு நாள் வரைக்கும் அப்படித்தான் இருக்கும். பெரும்பாலான கரைகளில் ஓர் ஏற்றத்துக்கும் அடுத்ததற்கும் ஏறக்குறைய 12 மணி 25 நிமிடம். அது ஒரே சீராக ஏறாது. முதல் மணியில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது, நாலாவது மணியில் மொத்த ஏற்றத்தில் பாதி வந்துவிடும். வரும்போது முழங்காலளவுகூட இல்லாத வழி, நீ படமெல்லாம் எடுத்து முடிப்பதற்குள் மூடியிருக்கும். இன்னொன்று: ஒரே கரையில் அமாவாசை ஏற்றம் ஏறக்குறைய ஒரே மணிக்குத்தான் உச்சத்துக்கு வரும். நீ போகிற கரையில் அது நடுராத்திரியையொட்டி வருகிறதா, விடியலையொட்டியா என்று கடல் ஏறி இறங்குகிற நேரம் போட்ட ஓத அட்டவணையில் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும், ஒவ்வொரு அமாவாசைக்கும் அதுதான். பால்வழி ஏறுகிற நேரமும் அந்த நேரமும் மோதுகிற கரை என்றால் அந்தக் கரையை விட்டுவிடு.

வெளிச்சம் இருக்கும்போதே போய், பாறைக்கு இறங்காமல் 20 நிமிடம் நின்று பார். அலை கூட்டங்கூட்டமாக வரும், பெரியது எப்போதாவதுதான் வரும். பாசி பிடித்த பட்டைக்கு மேலே, வெளிறி உலர்ந்த பாறையில் நில். கடலுக்கு முதுகைக் காட்டாதே. திரும்புகிற வழியை முதலில் பார்த்துவிட்டுப் பையைத் திற.

20 விநாடி ஓடும்போது நீ திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாய். வெளிச்சமான திரையைப் பார்த்த கண் மறுபடி இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் கடலை இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். போன வருஷப் படங்களில் ஓரத்தில் இன்னொரு சிவப்பு விளக்கு தெரியும். இப்போது ஓரமெல்லாம் சுத்தமாக இருக்கிறது. ஃப்ரேமுக்கு நல்லதுதான். நான் எதுவும் கேட்கவில்லை. அப்பாவும் கேட்க மாட்டார்.

கொஞ்ச நாள் மலைக்குப் போயேன். உப்பும் கிடையாது, ஓதமும் கிடையாது. 1000 மீட்டர் ஏறினால் 6 டிகிரிக்கு மேல் குளிர் கூடும், அதனால் மாற்று பேட்டரியைச் சட்டைக்குள் உடம்போடு வைத்துக்கொள். காற்றடித்தால் டிரைபாட்டின் நடுத்தண்டை உயர்த்தாதே. பையைக் கொக்கியில் மாட்டும்போது அடி தரையில் தொடட்டும், அந்தரத்தில் தொங்கினால் ஊஞ்சலாடிப் படத்தைக் கெடுக்கும். விடியலில் பள்ளத்தாக்கு நிறைய மேகம் கிடந்தால் கேமராவின் ஒளி மீட்டரை நம்பாதே, வெள்ளையை அது சாம்பலாக்கிவிடும். 1 ஸ்டாப், அதாவது வெளிச்சத்தை இரட்டிப்பாக்கி எடு. மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 எண்ணுவதற்குள் சத்தம் வந்தால் படம் போதும், முகட்டை விட்டு இறங்கு. கடைசி இடிக்குப் பிறகு அரை மணி கழித்துத்தான் மேலே ஏற வேண்டும். மலையிலும் விடுதியில் யாரிடமாவது எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. திரும்பியதும் கேமராவை உடனே வெளியே எடுக்காதே. பையை மூடியபடியே அறையின் சூட்டுக்கு வரவிடு, இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துக்கொள்ளும்.

கடல்தான் வேண்டும் என்றால் வளர்பிறையில் போ. பாதி நிலாவுக்கு ஏற்றம் குறைவு, நடுராத்திரியையொட்டி நிலாவும் இறங்கிவிடும், அதற்குப் பிறகு பால்வழி கிடைக்கும். அதுவரை நிலா வெளிச்சத்தில் பாறையும் தானாகத் தெரியும். உனக்குத் தெரியாததில்லை. தெரிந்தும் 2:40-க்கு ஈரப் பாறையில் நிற்கிறாய்.

முதுகைக் காட்டாதே என்று மேலேயே எழுதிவிட்டேன்.

அடுத்த தடவை கிளம்பும்போது எந்தக் கரை, ஏற்றம் எத்தனை மணிக்கு, இரண்டையும் அப்பாவுக்கு அனுப்பு. எனக்கு எழுதாவிட்டாலும் சரி. அவருக்கு 20 விநாடிப் படத்தின், கேமரா பதிந்தபடியே இருக்கிற ரா கோப்பும் வேண்டுமாம், அச்சுக்கு.

அம்மா