2024–25 ஆண்டறிக்கை: செயலாளர் சமர்ப்பிப்பது

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர் மற்றும் செயற்குழு உறுப்பினர்களுக்கும், இன்று நேரம் ஒதுக்கி வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். நமது யோயோ சங்கத்தின் 2024–25ஆம் ஆண்டுக்கான செயல்பாட்டு அறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

வழக்கமான நிகழ்ச்சிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு காலைப் பயிற்சி மழை நாட்கள் நீங்கலாக வ.உ.சி. மைதானத்தில் நடந்தது. ஜூன் 6 யோயோ தினம் கொண்டாடப்பட்டது. கோடை விடுமுறையில் சிறுவர்களுக்கு அறிமுக வகுப்பு நடந்தது. ஆயுத பூஜையன்று யோயோக்களை வரிசையாக வைத்துப் பூஜை போட்டுப் பொரி கொடுத்தோம். உள்ளூர்ப் போட்டி, நடுவராக இருக்கச் சம்மதித்தவர்கள் வராததால் தள்ளிப்போனது.

இனி, இந்த ஆண்டின் முக்கியப் பணியான பேரிங் பராமரிப்பு முகாம். யோயோவின் நடுவில் அச்சின் மேல் உட்கார்ந்து, நூலைத் தாங்கும் குண்டு பேரிங்கைக் கழுவி எண்ணெய் விடும் வேலை இது. "புது யோயோ வாங்க வேண்டிய காசை எண்ணெயிலும் அசிட்டோனிலும் கொட்டிவிட்டார் செயலாளர்" என்று நமது வாட்ஸ்அப் குழுவில் எழுதப்பட்டது. எழுதியவர் முகாமுக்கு வரவில்லை. அதனால் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்ற ஆண்டு சங்க அலமாரியில் "ரிப்பேர்" என்று சீட்டு ஒட்டிய ஒரு பெட்டி நிறைய யோயோக்கள் கிடந்தன. சுற்றவில்லை, கரகரவென்று சத்தம், தானாக மேலே ஏறிவிடுகிறது என்று ஆளுக்கொரு காரணம். பிரித்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் உடம்புக்கு ஒன்றுமில்லை, பேரிங்தான் அழுக்கு. ஒன்றில் நூல் பஞ்சு சுருண்டு உள்வளையத்தை இறுக்கியிருந்தது. இன்னொன்றில் ஆயுத பூஜைக் குங்குமம். பக்தி இருக்க வேண்டியதுதான், பொட்டை உலோகத்தின் மேல் வைத்திருக்கலாம். மூன்றாவதில் தேங்காய் எண்ணெய். எந்த வீட்டு யோசனை என்று கேட்கவில்லை. அது 24 டிகிரிக்குக் கீழே உறையும் எண்ணெய். மார்கழி மாதக் கோவைக் காலையில் அந்த யோயோவை வீசினால் என்ன ஆகும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

முகாமின் முதல் நாள் நமது மூத்த உறுப்பினர் சிறிது வரலாறு சொன்னார். பெட்ரோ ஃபுளோரஸ் என்ற பிலிப்பினோ 1928இல் கலிபோர்னியாவில் யோயோ தயாரிக்கத் தொடங்கியபோது பேரிங் கிடையாது. அச்சைச் சுற்றி நூலைக் கண்ணி போட்டிருப்பார்கள், அச்சோடு நூல் உரசிக்கொண்டே இருக்கும். சான் பிரான்சிஸ்கோவில் பல் மருத்துவராக இருந்த டாம் கூன், 1990இல் பேரிங் வைத்த அலுமினிய யோயோவைக் கொண்டுவந்தார். இன்று பையன்கள் கீழே சுற்றவிட்டு நூலில் வித்தை காட்டுவதெல்லாம் பேரிங் தந்த அவகாசம்தான். பேச்சு நீண்டதால் டீ ஆறிவிட்டது, வேறு குறையில்லை.

இன்றைய யோயோக்களில் பெரும்பாலும் இருப்பது 'சி' அளவு பேரிங். உள்துளை கால் அங்குலம் (6.35 மி.மீ.), வெளிவிட்டம் அரை அங்குலம் (12.7 மி.மீ.), அகலம் 4.76 மி.மீ. கடையில் ஆர்188 என்ற எண்ணைச் சொல்லிக் கேட்க வேண்டும். மோட்டார் பம்புக்குப் பெயர் போன நம் ஊரில் இது சுலபமாகக் கிடைக்கும் என்று நினைத்தோம். கடைக்காரர்கள் 6201 எடுத்து வைத்தார்கள், 608 எடுத்து வைத்தார்கள். அதெல்லாம் மி.மீ. கணக்கு, நம்முடையது அங்குலக் கணக்கு. கடைசியில் தபாலில்தான் வரவழைக்க வேண்டியிருந்தது. இருக்கிற பேரிங்கைக் கழுவி வைத்துக்கொள்ளலாம் என்று நான் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

முகாமுக்கு வராதவர்களுக்காகச் செய்முறையையும் பதிவு செய்கிறேன். யோயோவைத் திருகிப் பிரித்தால் ஒரு பக்கத்தில் பேரிங் ஒட்டிக்கொண்டு நிற்கும். அதைக் குறட்டால் நசுக்கி இழுத்தால் அலுமினிய இருக்கை கீறும். கால் அங்குல டிரில் பிட்டின் வழவழப்பான அடிப்பகுதியைத் துளையில் விட்டு, லேசாகச் சாய்த்தபடி இழுத்தால் வந்துவிடும். பேரிங்கின் பக்கவாட்டு மூடியைப் பிடித்திருப்பது தலைமுடி கனத்தில் ஒரு கம்பி வளையம். அதன் வாய் திறந்திருக்கும் இடத்தில் குண்டூசி விட்டு நெம்ப வேண்டும். நெம்பியதும் அது துள்ளி ஓடும், தேடினால் கிடைக்காது. ஆகவே கையையும் பேரிங்கையும் உள்ளே தெரியும் ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டு நெம்புங்கள். பிறகு சின்னக் கண்ணாடிப் புட்டியில் அசிட்டோன் ஊற்றி, பேரிங்கைப் போட்டுக் குலுக்கினால் தெளிந்த திரவம் கறுப்பாகும். கறுப்பாவது நிற்கும் வரை அசிட்டோனை மாற்றி மாற்றிக் கழுவ வேண்டும். நகப்பூச்சு அழிக்கும் திரவம் வேண்டாம், அதில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும். அசிட்டோன் பற்றிக்கொள்ளும் பொருள் என்பதால் இதை மொட்டைமாடியில்தான் செய்தோம். பீடி பற்றவைக்கப் போன காவலாளியை நானே கீழே அனுப்பினேன்.

காய வைக்க, கேமராவில் தூசி ஊதும் ரப்பர் பல்பு போதும். பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய்க் காற்றடித்து விர்ரென்று சுற்றவிட்டு வீடியோ எடுத்தவர்கள் கவனிக்கவும். எண்ணெயில்லாத குண்டுகளை அப்படிச் சுற்றினால் அவை தேய்கின்றன. விரலில் மாட்டிச் சுண்டிவிட்டால் நீண்ட நேரம் சுற்றுகிறதே என்பதும் சான்றாகாது. நூலின் இழுவையும் யோயோவின் எடையும் ஏறியபின் சுற்றுவதுதான் கணக்கு. பேரிங் நன்றாக இருந்தும் சாய்த்து வீசினால் நூல் யோயோவின் உள்சுவரில் உரசி நின்றுவிடும். அதற்குச் செயலாளர் பொறுப்பல்ல.

எண்ணெய் விஷயத்தில்தான் சண்டை வந்தது. மெல்லிய எண்ணெய், ஊசி முனையில் தொட்டு ஒரே ஒரு புள்ளி. அதற்கு மேல் வேண்டாம். பேரிங்கின் உள்வளையம் அச்சோடு சுற்றுகிறது, வெளிவளையத்தின் மேல் நூல் நிற்கிறது. இடையில் எண்ணெய் அதிகமானாலோ கெட்டியானாலோ உள்வளையம் வெளிவளையத்தையும் இழுத்துக்கொண்டு சுற்றும், நூல் சுருட்டிக்கொண்டு யோயோ மேலே வந்துவிடும். எண்ணெய் விட்ட புதிதில் சில வீச்சுகளுக்கு அப்படித்தான் இருக்கும், ஆடினால் சரியாகிவிடும். இதைப் பொறுக்காமல் "கெடுத்துக் கொடுத்துவிட்டார்கள்" என்று இரவோடிரவாக எழுதுவது நியாயமா?

அதே சமயம், இரண்டு கையிலும் ஒவ்வொரு யோயோ வைத்து லூப்பிங், அதாவது நிறுத்தாமல் முன்னால் வீசி வீசித் திருப்பும் ஆட்டம், ஆடும் 2ஏ பிரிவுப் பிள்ளைகளுக்கு யோயோ திரும்பி வந்தே ஆக வேண்டும். அவர்களுக்குக் கெட்டியான கிரீஸ்தான் சரி. அவர்களுடைய பேரிங்குகளையும் ஆர்வக்கோளாறில் கழுவிக் காயவைத்த உறுப்பினர் யார் என்பது எல்லாருக்கும் தெரியும். பெயர் வேண்டாம். துருப்பிடித்த திருகாணிக்கு அடிக்கும் ஸ்பிரேயைப் பேரிங்கில் அடிப்பதையும் இத்துடன் நிறுத்திக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன். அது துருவை இளக்கும், பிறகு பிசுக்காகப் படிந்து தூசியைச் சேர்க்கும்.

முகாமின் பலன்: ரிப்பேர் பெட்டி ஏறக்குறையக் காலி. தேய்ந்து குழி விழுந்த சில பேரிங்குகளை மட்டும் மாற்றினோம். இதைப் புது யோயோ வாங்கும் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வேலையை உறுப்பினர்களிடமே விடுகிறேன்.

கணக்கு விவரங்களைப் பொருளாளர் தனியே வாசிப்பார். சுருக்கமாக, வரவும் செலவும் ஏறத்தாழச் சமம், கையிருப்பு சுமார்தான், வங்கி இருப்பு சென்ற ஆண்டைவிடச் சற்றுக் குறைவு. குறைவுக்கு அசிட்டோன் காரணமல்ல, சந்தா நிலுவைதான் காரணம். பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்த ஆண்டுச் சந்தா கட்டவில்லை. சிலர் சென்ற ஆண்டுக்கும் கட்டவில்லை. அவர்களில் ஒருவர் இந்த ஆண்டு வெளிநாட்டிலிருந்து பீங்கான் குண்டு பேரிங் வாங்கி, அதைக் குழுவில் படம் பிடித்தும் போட்டார். நல்ல பேரிங்தான், வாழ்த்துகள். சந்தாவும் ஜி-பே வழியாகவே கட்டலாம்.

செயற்குழுக் கூட்டங்களில் பலமுறை நானும் பொருளாளரும் மட்டுமே இருந்தோம். இருவர் கூடி எடுத்த முடிவுகளைத் தீர்மானம் என்று எழுதுவதா, பேச்சு என்று எழுதுவதா எனத் தெரியாமல் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் இடம் விட்டு வைத்திருக்கிறேன். தலைவர் பணி நெருக்கடியில் இருந்ததை அறிவோம்.

மொட்டைமாடியைத் தந்த உறுப்பினரின் குடும்பத்தாருக்கும், டீ போட்டுத் தந்த அவருடைய அம்மாவுக்கும், பேனர் அடித்துக் கொடுத்தவருக்கும், கணக்கைத் தணிக்கை செய்ய ஒப்புக்கொண்டவருக்கும், ஊக்கம் தந்த அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டில் காலாண்டுக்கு ஒரு முறை முகாம் நடத்தலாம் என்பது என் கருத்து. நடத்த எண்ணெய் வேண்டும், அசிட்டோன் வேண்டும், உட்கார நாலு பேர் வேண்டும். செயலாளர் பொறுப்பு இந்தக் கூட்டத்துடன் முடிகிறது. யாராவது முன்வந்தால் குறிப்பேடு, முத்திரை, அலமாரிச் சாவி மூன்றையும் இன்றே ஒப்படைக்கத் தயார். முன்வராவிட்டால் என்ன செய்வது என்று சபையே சொல்லட்டும். தொடரச் சொன்னால் தட்டமாட்டேன், ஆனால் நிலுவை வசூலுக்குத் தனியாக ஒருவரை நியமிக்க வேண்டும்.

கடைசியாக, முகாமில் பயன்படுத்திய கால் அங்குல டிரில் பிட் என் சொந்தப் பொருள். யார் கையில் இருந்தாலும் கூட்டம் முடிந்து சாப்பாட்டுக்குப் போகுமுன் கொடுத்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்