நாலு தடவை வந்தும் ஓடாத ரேடியேட்டர் ஃபேன், அதற்குப் பிறகு வாரண்டி மறுப்பு

பெறுநர்: வாடிக்கையாளர் சேவைப் பிரிவு மேலாளர் அவர்கள்

ஐயா, வணக்கம்.

கால் சென்டருக்குப் போன் செய்து அலுத்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புது ஆள், புது டிக்கெட் நம்பர், மறுபடி முதலிலிருந்து கதை. அதனால்தான் எழுத்தில் தருகிறேன்.

கார் வாங்கி மூன்றரை வருடம், ஓடியது 41,000 கிலோமீட்டர். தனியாகப் பணம் கட்டி வாரண்டியை ஐந்து வருடத்துக்கு நீட்டியிருக்கிறேன். கோளாறை முதல் நாளே தெளிவாகச் சொன்னேன். ஹைவேயில் 90-ல் போனால் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நிற்கிறது. சமயபுரம் டோல்கேட் வரிசையில் நின்றால் கிடுகிடுவென்று சிவப்புக்கோட்டுக்கு ஏறுகிறது, ஏசியிலும் சூட்டுக்காற்று வருகிறது. வண்டி நகர்ந்ததும் இரண்டும் சரியாகிவிடுகிறது. ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரை ஆற்றிவிடும், நின்றால் ஃபேன்தான் கதி. ஏசி போட்டாலே சுற்ற வேண்டிய ஃபேன் சத்தமே காட்டுவதில்லை. ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற எனக்கே இது புரிகிறது. வண்டியைச் செய்த உங்களுக்குப் புரியாதா?

உங்கள் திருச்சி சர்வீஸ் சென்டரில் முதலில் ஏசிக்கு கேஸ் ஏற்றினார்கள், 1,800 ரூபாய். அடுத்த முறை தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), கூலன்ட் மாற்றி 5,870. தேய்மானப் பொருளாம், வாரண்டியில் வராதாம். தெர்மோஸ்டாட் திறக்காமல் மாட்டிக்கொண்டால் ஹைவேயிலும் சூடேற வேண்டாமா என்று கேட்டேன். அந்த சர்வீஸ் அட்வைசர் கம்ப்யூட்டரிலிருந்து தலையைக்கூடத் தூக்கவில்லை. "மே மாசம் சார், எல்லா வண்டியும் சூடாகத்தான் செய்யும். எல்லாம் தெரிஞ்சா எங்ககிட்ட எதுக்கு வர்றீங்க?" பக்கத்தில் என் மனைவி, மகள், முன்பின் தெரியாத நாலு பேர். இருபது வருடமாக வியாபாரம் செய்கிறேன். கடன் சொல்லிவிட்டுப் போன ஆளிடம்கூட நான் அப்படிப் பேசியதில்லை.

அவர் பெயர் ஜாப் கார்டில் இருக்கிறது. நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது பயணத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. ஃபேன் அசெம்பிளியே மாற்ற வேண்டும் என்று 4,000 ரூபாய் அட்வான்ஸ் வாங்கியிருந்தார்கள். பார்ட்ஸ் வந்துவிட்டது, வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கு வாருங்கள் என்று போன் செய்ததும் அவர்கள்தான். கடையை அடைத்துவிட்டு பெரம்பலூரிலிருந்து அறுபது கிலோமீட்டர் வந்தேன். திருச்சிக்குள் டிராபிக்கில் முள் ஏறாமலிருக்க ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்து வைத்தேன். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தையாவது ஹீட்டர் வாங்கி வெளியே தள்ளும் என்று ஒரு லாரி டிரைவர் சொல்லிக்கொடுத்த வித்தை. மே மாத வெயிலில் ஹீட்டர்! சட்டை உடம்போடு ஒட்டி, கால் பக்கம் அடுப்பு மாதிரிக் காற்று. போய்ச் சேர்ந்தால், வந்திருப்பது டீசல் வண்டியின் ஃபேன். என்னுடையது பெட்ரோல். கனெக்டர் சேரவில்லை. அதே அட்வைசர் சொல்கிறார்: "ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கலாமே சார்."

போன் செய்து வரச் சொன்னதே நீங்கள்தானே ஐயா!

நாலாவது முறை ஸ்கேன் செய்தார்கள். எர்ரர் எதுவும் இல்லை, வண்டி நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிட்டார்கள். வீடு போய்ச் சேருவதற்குள் டோல்கேட்டில் மறுபடி சிவப்பு. என் மாமியாருக்கு வயது 71. அந்தச் சூட்டில் மயக்கமே வந்துவிட்டது. ஏதாவது ஆகியிருந்தால் யார் பொறுப்பு?

கடைசியில் எங்கள் ஊர் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காட்டினேன். ஃபேன் சாக்கெட்டைக் கழற்றி, பேட்டரியிலிருந்து நேராக இரண்டு வயர் கொடுத்தார். உள்ளே கிடந்த வேப்பஞ்சருகு பறக்க, ஃபேன் சுற்றியது. "மோட்டார் நல்லா இருக்குண்ணே" என்றார். பிறகு ஹார்ன் ரிலேயும் ஃபேன் ரிலேயும் (கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒரே நம்பர் என்று பார்த்துவிட்டு இடம் மாற்றிப் போட்டார். ஹார்ன் அடித்தது, ஃபேன் ஓடவில்லை. அப்படியானால் ரிலேயிலும் கோளாறில்லை. மீட்டர் வைத்தால் சாக்கெட்டில் 12 வோல்ட். ஃபேனை மாட்டியதும் 4 வோல்ட்டுக்கு விழுந்தது, அதாவது வழியில் எங்கோ இணைப்பு சரியில்லை. ரிலே பெட்டியைத் தூக்கிப் பார்த்தால் ஒரு டெர்மினல் கருகி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் உருகிக் கிடக்கிறது. உங்கள் ஸ்கேனருக்கு அது எப்படித் தெரியும்? ரிலேவுக்கு உத்தரவு போனதா என்றுதான் அது பார்க்கும், ஃபேன் சுற்றியதா என்று மனிதன்தான் பானட்டைத் திறந்து பார்க்க வேண்டும். நாலு தடவையில் ஒருவரும் பார்க்கவில்லை. டெர்மினல் மாற்றி 350 ரூபாய் வாங்கிக்கொண்டார். அரை மணி நேர வேலை.

அதையும் மறைக்காமல் உங்களிடம் வந்து சொன்னேன், அந்த ரிலே பெட்டியை வாரண்டியில் முறையாக மாற்றிக்கொடுங்கள் என்று. வெளி ஆள் வயரிங்கில் கை வைத்ததால் எலக்ட்ரிக்கல் வாரண்டியே போச்சு என்கிறார்கள்! உருகிய டெர்மினலின் போட்டோ என்னிடம் இருக்கிறது. அவர் கை வைப்பதற்கு முன் எடுத்தது.

இதற்கு நடுவில் உங்கள் ஆபீஸிலிருந்து ஒரு பெண் போன் செய்து, பத்துக்குப் பத்து மார்க் போடச் சொல்கிறார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை, அவர் வேலை அது.

கடையை அடைத்த நாட்கள், பெட்ரோல், டோல், போன மானம் எல்லாம் சேர்த்தால் ஒரு லட்சத்துக்குக் குறையாது. நான் அதைக் கேட்கவில்லை. கேஸ், தெர்மோஸ்டாட், கூலன்ட், அட்வான்ஸ் சேர்த்து 11,670 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ரிலே பெட்டியை மாற்றி, வாரண்டி தொடர்கிறது என்று எழுதிக் கொடுங்கள். அந்த அட்வைசர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும், போனில் போதும்.

இதே கம்பெனியில் இது எனக்கு இரண்டாவது வண்டி, சண்டை போட ஆசையில்லை. ஆனால் 15 நாளில் பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போவேன். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், திருச்சிக்கு அலைய வேண்டியதில்லை. இனி அறுபது கிலோமீட்டர் வர வேண்டியது நீங்கள்தான்.

ஜாப் கார்டு 4, பில் 2, அட்வான்ஸ் ரசீது, போட்டோ 3 இணைத்திருக்கிறேன். போன் செய்வதென்றால் மதியம் இரண்டுக்கு மேல் செய்யுங்கள், காலையில் கடையில் கூட்டமிருக்கும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்,
பெரம்பலூர்