நிலவின் பள்ளத்துக்கு மோட்டார் எதற்கு?

அறிவியல் கண்காட்சி நடத்தும் குழுவினருக்கு,

வணக்கம். உங்கள் கண்காட்சியில் 'ஸ்டில் மாடல்', அதாவது அசையாத மாதிரி, என்று ஓரங்கட்டப்பட்ட அட்டை நிலவுப் பள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். அதைச் செய்த மாணவிகளில் ஒருத்தி என் மகள். "இதுல எது சுத்தும், எது எரியும்?" என்று கேட்டுவிட்டு நடுவர் நகர்ந்துவிட்டார். பரிசு கேட்டு எழுதவில்லை. மதிப்பெண் போடுமுன் "இந்த உயரம் எப்படித் தெரிந்தது?" என்று பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவ்வளவுதான்.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள். சந்திரயான்-2 சுற்றுகலனின் கேமரா ஒரே இடத்தை முன்பக்கம், நேர்கீழ், பின்பக்கம் என மூன்று கோணங்களில் படமெடுக்கிறது. மேடான இடம் படத்துக்குப் படம் விலகித் தெரியும். விலகலை அளந்தால் உயரம் வரும். நிழலும் கைகொடுக்கும். சூரியன் 10 பாகை உயரத்தில் இருக்கும்போது சமதரையில் 1000 மீட்டருக்கு நிழல் விழுந்தால் மேடு சுமார் 176 மீட்டர். பிள்ளைகள் போட்டது இந்த நிழல் கணக்கைத்தான். தேயிலைச் சரிவில் வளர்ந்தவர்களுக்குச் சம உயரக் கோடு (ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் கோடு) என்பது கொழுந்து பறிக்க நடக்கும் தடம் மாதிரி. அட்டையை அடுக்கடுக்காக வெட்டி ஒட்டிவிட்டார்கள்.

சுற்றுகலன் படங்களை இணையத்திலிருந்து இறக்கியதுதான் பெரும்பாடு. நீலகிரியில் மஞ்சூர் பக்கம் எங்கள் ஊரில் கொழுந்து எடை போடும் கொட்டகை வாசலில்தான் சிக்னல். இஸ்ரோ எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் கோப்புகள்தான், ஆனால் பெரியவை. பாதி இறங்கும்போது கரண்ட் போகும், டவர் படுக்கும், மறுபடி முதலிலிருந்து. இருட்டினால் காட்டெருமை பயம். தாய்மார்கள் முறைவைத்துத் துணைக்கு நின்றார்கள். நடுவர் அந்த மாதிரிக்கு முன்னால் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை.

பரிசு பேக்கிங் சோடா எரிமலைக்கு. ஆண்டு தவறாமல் வெடிக்கும் எரிமலை நம் மலையில்தான் இருக்கிறது! இதே மலையில் ஊட்டிக்குப் பக்கத்து முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கி 530 மீட்டர் நீளம். நிலவு மறைக்கும் ரேடியோ மூலங்களை (வானில் ரேடியோ அலை வீசும் பொருட்களை) ஆராயவென்று, 11 பாகைச் சரிவைத் தேடிப்பிடித்துக் கட்டினார்கள். அதையும் கொண்டுவந்து வைத்தால் "பல்பு எரியுதா?" என்பீர்களோ? 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3-இன் விக்ரம் நிலவில் இறங்கியபோது நீங்களும்தானே கைதட்டினீர்கள்? அந்த 4 கி.மீ.க்கு 2.4 கி.மீ. இடத்தைச் சரிவும் பாறையும் பார்த்துத் தேர்ந்தது சந்திரயான்-2 சுற்றுகலன் படங்களை வைத்துத்தான்.

சரி, கோபம் கிடக்கட்டும். அடுத்த முறை மதிப்பெண் தாளில் 'எப்படிக் கண்டுபிடித்தாய்' என்பதற்கு ஒரு கட்டம் சேர்க்கும்படியும், அந்தக் கேள்வியை எல்லாப் பிள்ளைகளிடமும் கேட்க நடுவர்களிடம் சொல்லும்படியும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை