ரிக்வயர்மென்ட் டூல் வாங்கப் போகும் மதுரை நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

இலந்தைகுளத்திலும் வடபழஞ்சியிலும், ஊருக்குள் கடைகளுக்கு மேலே மாடியிலும் மென்பொருள் நிறுவனம் நடத்துகிற எல்லோருக்கும் வணக்கம்.

நான் இதே ஊரில் பல வருடங்களாக வாடிக்கையாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுகிற பிசினஸ் அனலிஸ்ட்டாக வேலை பார்க்கிறேன். உங்களில் சிலர் எக்செல் ஷீட்டையும் வாட்ஸ்அப் குரூப்பையும் விட்டுவிட்டு ரிக்வயர்மென்ட்டுக்கென்றே, அதாவது மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்பதை எழுதிப் பராமரிக்கவென்றே, ஒரு டூல் வாங்கும் யோசனையில் இருப்பது தெரியும். நல்ல யோசனைதான், எப்போதோ செய்திருக்க வேண்டியது. ஆனால் அதைத் தேர்ந்தெடுக்கிற விதம் கவலையாக இருக்கிறது. விற்கிறவர் வந்து டெமோ காட்டுகிறார், அவர் கொண்டுவந்த பட்டியலிலேயே டிக் அடிக்கிறோம், விலையில் கொஞ்சம் பேரம், முடிந்தது. நாளைக்கு அதைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை பார்க்கப் போகிற அனலிஸ்ட்டும் டெஸ்டரும் அந்த அறையிலேயே இருப்பதில்லை.

நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில் அப்படித்தான் நடந்தது. வாங்கியது நல்ல பெயருள்ள, விலை கூடின டூல். ஒரு ரிக்வயர்மென்ட்டைச் சேர்க்க அத்தனை கட்டங்களை நிரப்பச் சொன்னதால், எல்லோரும் வாரம் முழுக்க பழைய எக்செல்லிலேயே வேலையை முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம் உட்கார்ந்து அதை டூலுக்குள் காப்பி பேஸ்ட் செய்தார்கள். ஆடிட்டுக்குக் காட்ட மட்டும் அது இருந்தது. லைசென்ஸ் பணம் போனதைவிட, எது கடைசியாகப் பேசி முடித்த விஷயம் என்று யாருக்கும் தெரியாமல் போனதுதான் பெரிய நஷ்டம்.

அதனால் உங்களிடம் கேட்பது ஒன்றுதான். டெமோ டேட்டாவை வைத்து எந்த டூலையும் எடை போடாதீர்கள். நீங்கள் ஏற்கனவே செய்து முடித்த, நடுவில் பலமுறை மாறி எல்லோரையும் பாடாய்ப் படுத்திய ஒரு பழைய ப்ராஜெக்டின் ரிக்வயர்மென்ட்டுகளை எடுத்து, பரிசீலனையில் இருக்கிற ஒவ்வொரு டூலிலும் உங்கள் ஆட்களையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டு வாரம் போதும்.

எப்படிப்பட்ட ப்ராஜெக்ட் என்றால், மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடைக்குக் கணக்கு மென்பொருள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மல்லிகை விலை விடிகாலையில் ஒன்று, வெயில் ஏறினபின் வேறொன்று. கடைக்காரர் முதலில் சொல்வது, 'எடை போட்ட நேரத்து விலைதான் சிட்டையில் வரணும், அப்புறம் விலை மாறினாலும் பழைய சிட்டை மாறக்கூடாது.' சரி, எழுதிக்கொள்கிறோம், புரோகிராமும் எழுதியாகிவிட்டது. பாதி வேலை முடிந்தபின் அவரே வந்து, விவசாயிக்கு மட்டும் அன்றைய சராசரி விலையில் சாயங்காலம் கணக்கு முடிக்கணும் என்கிறார். இந்த ஒரு வரி எதையெல்லாம் தொடுகிறது பாருங்கள்: சிட்டை அச்சாகும் விதம், கமிஷன் கணக்கு, விவசாயி வாங்கியிருக்கும் அட்வான்ஸில் கழிக்கிற தொகை, வாங்கின வியாபாரியின் பாக்கி, இதற்கெல்லாம் ஏற்கனவே எழுதின டெஸ்ட் கேஸ்கள். இப்போது டூலிடம் கேளுங்கள். இந்த ரிக்வயர்மென்ட் மாறினால் எந்தெந்த டெஸ்ட்டைத் திரும்ப ஓட்ட வேண்டும்? முதலில் சொன்னது யார், மாற்றச் சொன்னது யார், எப்போது? போன மாதம் கையெழுத்தான நிலையில் இது எப்படி இருந்தது? இந்த மூன்றுக்கும், வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளே ஆன ஒரு பெண்ணோ பையனோ யாரையும் கேட்காமல் சில நிமிடங்களில் பதில் எடுக்க முடிந்தால், அந்த டூலை மேற்கொண்டு பார்க்கலாம். டெமோவில் எல்லாம் அழகாகத்தான் இருக்கும், ஏனென்றால் அங்கே எதுவும் மாறுவதில்லை.

பட்டியலே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐஎஸ்ஓ 2009-ல் ரிக்வயர்மென்ட் டூல்களுக்கு என்னென்ன திறன்கள் இருக்க வேண்டும் என்று டிஆர் 24766 என்றொரு வழிகாட்டியே வெளியிட்டது. எதையும் மறக்காமல் இருக்க அது உதவும். சிக்கல் வருவது மார்க் போட்டுக் கூட்டும்போது. பத்துப் பொருத்தத்தில் எட்டு பொருந்தினாலும் ரஜ்ஜு இல்லையென்றால் நம் ஊரில் ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். டூலுக்கு மட்டும் கூட்டுத்தொகை பார்த்து முடிவு செய்கிறோம். ஒன்பது விஷயத்தில் முழு மார்க் வாங்கின டூலிலிருந்து நம் டேட்டாவை வெளியே எடுக்க முடியாது என்றாலும், மொத்தத்தில் அது முதலிடத்தில் வந்து நிற்கும். ஆகவே இல்லாமல் முடியாது என்கிற நாலைந்தை முதலில் பிரித்து, அதில் ஒன்று தவறினாலும் தள்ளிவிடுங்கள். மார்க்கெல்லாம் மிச்சம் நிற்பவற்றுக்கு.

டேட்டாவை வெளியே எடுப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். டூல்கள் தங்களுக்குள் ரிக்வயர்மென்ட்டைப் பரிமாறிக்கொள்ள ரெக்ஐஎஃப் என்றொரு பொது வடிவம் உண்டு. ஜெர்மன் கார் தொழில்துறையில் முளைத்து, 2011-ல், மென்பொருள் தரங்களை வகுக்கும் ஓஎம்ஜி அமைப்பின் தரமாக வந்தது. கார் எலக்ட்ரானிக்ஸ் வேலை எடுக்கிறவர்களுக்கு வாடிக்கையாளரிடமிருந்தே இந்த ஃபைல் வரக்கூடும். ரெக்ஐஎஃப் இருக்கிறது என்று பிரசுரத்தில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஏற்றுமதி செய்து, வேறு டூலில் ஏற்றி, திரும்ப இங்கே கொண்டுவந்து பாருங்கள். இணைப்புகள், அட்டவணைகள், படங்கள் எல்லாம் அப்படியே வருகிறதா என்று. ஜிரா டூலை உருவாக்கிய அட்லாசியன் நிறுவனம் தன் சர்வர் பதிப்புகளுக்கான ஆதரவை 2024 பிப்ரவரி 15-ல் நிறுத்தியபோது, சொந்த சர்வரில் அவற்றை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் கிளவுடுக்கோ விலை கூடின டேட்டா சென்டர் பதிப்புக்கோ வேறு டூலுக்கோ மாற வேண்டி வந்தது. எந்தக் கம்பெனியும் நாளைக்கு அப்படி ஒரு முடிவு எடுக்கலாம்.

ஜிராவே போதாதா என்று கேட்பீர்கள். ஜிரா வேலையைக் கண்காணிக்க நல்ல டூல், நானும் தினமும் பயன்படுத்துகிறேன். ஆனால் அதில் ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட், வேலை முடிந்தால் அதை மூடிவிடுவோம். ரிக்வயர்மென்ட் அப்படி மூடுகிற விஷயம் இல்லை, அந்தக் கடையில் அந்த மென்பொருள் ஓடுகிற வரைக்கும் அது நடப்பில் இருக்கும். 'பழைய சிட்டை மாறக்கூடாது' என்பது மூடப்பட்ட நூற்றுக்கணக்கான டிக்கெட்டுகளுக்கு அடியில் கிடந்தால், அடுத்து கை வைக்கிறவர் அதைத் தெரியாமலே உடைத்துவிடுவார். ஜிராவோடுதான் போக வேண்டும் என்றால், ரிக்வயர்மென்ட்டைத் தனி வகையாக வைத்து, இணைப்பையும் பேஸ்லைனையும் (கையெழுத்தான நிலையை அப்படியே பதிந்து வைப்பது) கவனித்துக்கொள்கிற, ஜிராவோடு சேர்க்கும் ஒரு ஆட்-ஆனையும் சேர்த்தே எடை போடுங்கள்.

மறுமுனையில் இருப்பது, 2008-ல் டெலிலாஜிக் நிறுவனத்தை வாங்கியபோது ஐபிஎம் கைக்கு வந்த டோர்ஸ் என்கிற பெரிய ரிக்வயர்மென்ட் டூல். விமான மென்பொருளுக்கான டிஓ-178சி, காருக்கான ஐஎஸ்ஓ 26262 போன்ற பாதுகாப்புத் தரங்கள் ரிக்வயர்மென்ட்டிலிருந்து டெஸ்ட் வரைக்கும் தொடர்பு காட்டச் சொல்கின்றன. அந்த உலகத்தில் டோர்ஸுக்கு நியாயம் இருக்கிறது. பத்து பேர் சேர்ந்து ஜவுளிக்கடை பில்லிங் செய்கிற இடத்துக்கு அது தேவையில்லை. செலவே வேண்டாம் என்றால் டூர்ஸ்டாப், ஸ்டிரிக்ட்டாக் போன்ற ஓப்பன் சோர்ஸ் டூல்கள் இருக்கின்றன. ரிக்வயர்மென்ட்டுகள் வெறும் டெக்ஸ்ட் ஃபைல்களாக, கோடோடு சேர்ந்து, கோடின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டிலேயே இருக்கும். புரோகிராமர்களுக்குப் பிடிக்கும், கிட் பழகாத அனலிஸ்ட்டுக்குத் திணறல்தான்.

இன்னொன்று, நம் ஊருக்கு இது முக்கியம்: தமிழில் சோதித்துப் பாருங்கள். பூக்கடைக்காரர் சொன்னதை அவர் சொன்னபடியே பதிவு செய்து வைத்தால்தான் பின்னால் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்க முடியும். 'கொள்முதல்' என்று ஒரு ரிக்வயர்மென்ட்டில் எழுதிவிட்டுத் தேடிப் பாருங்கள். கணினியில் எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'ொ' ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 'ெ', 'ா' என்று இரண்டாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஆனால் இரண்டையும் ஒன்றாகக் கருதத் தெரியாத டூல் தேடலில் பாதியைக் கோட்டை விடும். அப்புறம் பிடிஎஃப் எடுங்கள், கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கிறதா பாருங்கள். யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் வந்த ஆவணத்தை ஒட்டினால் என்ன ஆகிறது என்றும் பாருங்கள். டெமோ கொடுக்க வருகிறவர்கள் இதைத் தாங்களாகக் காட்ட மாட்டார்கள்.

ஏஐ தானாகவே ரிக்வயர்மென்ட் எழுதித் தரும் என்று இப்போது பலரும் சொல்கிறார்கள். அதையும் உங்கள் பழைய ப்ராஜெக்டிலேயே ஓட்டிப் பாருங்கள். வாடிக்கையாளர் தகவல் எந்த சர்வருக்குப் போகிறது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விலை கேட்கும்போது, படித்து ஒப்புதல் மட்டும் தருகிற வாடிக்கையாளருக்கும் லைசென்ஸ் வாங்க வேண்டுமா என்றும் கேளுங்கள், பட்ஜெட் அங்கேதான் எகிறும்.

பூ மார்க்கெட் கணக்கு போலவே, நடுவில் மாறின விஷயங்களோடு சேர்த்து, ஒரு மாதிரி ரிக்வயர்மென்ட் தொகுப்பைத் தயார் செய்து வைத்திருக்கிறேன். யாருடைய பெயரும் அதில் இல்லை. சோதித்துப் பார்க்கச் சொந்தமாகப் பழைய ப்ராஜெக்ட் இல்லாதவர்கள் கேட்டால் தருகிறேன். சோதித்து முடித்தபின், எந்த டூல் எந்த இடத்தில் தடுமாறியது என்று மற்ற நிறுவனங்களுக்கும் சொல்லுங்கள். ஒரு சனிக்கிழமை எல்லோரும் உட்கார்ந்து பேசலாம் என்றால், உங்கள் அலுவலகத்துக்கே வருகிறேன்.

அன்புடன்,
மதுரையிலிருந்து ஒரு பிசினஸ் அனலிஸ்ட்