டாப்ஸ்லிப்பில் “வெறும் மரந்தான்” என்று அலுத்துக்கொண்டவர்களுக்கு

பொள்ளாச்சிக்கு மேலே, ஆனைமலைக் காட்டில் இருக்கும் டாப்ஸ்லிப் போய்வரும் சுற்றுலா நண்பர்களுக்கு,

வணக்கம். போன முறை வனத்துறை வண்டியில் உங்களோடு நானும் வந்தேன். இரண்டு மான், ஒரு காட்டுப்பன்றியின் பின்பக்கம், அவ்வளவுதான் கண்ணில் பட்டது. இறங்கும்போது ஒருவர் சொன்னார்: “வெறும் மரந்தான் சார், ஒண்ணுமே பாக்கல.” அந்த வெறும் மரத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

ஆனைமலைத் தேக்கு ஒரு காலத்தில் பம்பாய்க்குக் கப்பல் கட்டப் போனது. ரயில் வந்ததும் தண்டவாளத்துக்கு அடியில் போடும் கட்டையாகப் போனது. வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சறுக்கிவிடுவார்கள். டாப்ஸ்லிப் என்ற பெயரே அப்படி வந்ததுதான். வெட்டிக்கொண்டே இருந்தால் மலை என்ன ஆகும்? மொட்டையாகிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து சேர்ந்தவர்தான் ஹியூகோ வுட் என்ற ஆங்கிலேய வன அதிகாரி.

கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். யானையும் புலியும் நடமாடும் காட்டுக்குள், டாப்ஸ்லிப் பக்கத்து மவுண்ட் ஸ்டூவர்ட்டில் குடியிருந்தார். மரத்தை வெட்டினாலும் அடிக்கட்டையை விட்டுவை, அது தானே துளிர்க்கும் என்பது அவர் கொண்டுவந்த முறை. கரும்பில் மறுதாம்பு விடுவோமே, அதே கணக்கு.

அதோடு நிற்கவில்லை. தினமும் சட்டைப்பை நிறையத் தேக்கு விதையோடு நடக்கப் போவாராம். வெள்ளிப் பூண் போட்ட கைத்தடியால் மண்ணில் ஒரு குத்து, குழியில் ஒரு விதை, அடுத்த எட்டு. இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள். தேக்கு விதையைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? சொடக்குத் தக்காளிபோல மேலே ஒரு காய்ந்த காகிதப் பை, பிய்த்தால் உள்ளே சுண்டைக்காய் அளவில் கம்பளி போர்த்திய கொட்டை. அவ்வளவு சீக்கிரம் முளைக்கிற சாதி இல்லை.

அவரைத் தெய்வமாக்க எனக்கு விருப்பமில்லை. அரசுக்கு மரம் தொடர்ந்து கிடைக்க வேண்டும் என்பதும் அவர் வேலையில் அடக்கம். தேக்கு மட்டுமே நிற்கிற தோப்பு, சோலைக்காடு ஆகிவிடாது. இங்கேயே வாழும் பழங்குடிகளான காடர், மலசர் மக்கள் உழைக்காமல் இந்த மலையில் எந்த வேலையும் நடந்திருக்காது. அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இதெல்லாம் சரி. ஆனாலும் வேலை முடிந்ததும் சீமைக்குக் கப்பலேறியவர்களுக்கு நடுவில், இந்த மனிதர் தன்னைத் தேக்குகளுக்கு நடுவிலேயே புதைக்கச் சொன்னார். 1933இல் இறந்தார். மவுண்ட் ஸ்டூவர்ட்டில் கல்லறை இருக்கிறது. அதன்மேல் லத்தீனில் ஒரு வரி: ‘என் நினைவுச்சின்னத்தைத் தேடினால், சுற்றிலும் பார்.’

வனத்துறை ஆட்களிடம் அனுமதி கேட்டு, அவர்களோடு போய்ப் பாருங்கள். சிப்ஸ் பாக்கெட்டை வண்டியிலேயே வைத்துவிடுங்கள். சாவியால் மரத்தில் பெயர் கீறும் வேலையும் வேண்டாம். கீழே விழுந்த தேக்குத் தளிர் கிடைத்தால் உள்ளங்கையில் வைத்துக் கசக்குங்கள், மருதாணி மாதிரி சிவக்கும்.

அப்புறம், அந்த “வெறும் மரந்தான்” சார்: அடுத்த முறை ஜன்னலோர சீட் உங்களுக்குத்தான்.

இப்படிக்கு,
அதே வண்டியில் பின்சீட்டில் இருந்தவன்